ஜெசிந்தா பார்த்த வேலை

கைப்பேசியில் ஜெசிந்தா அக்காவின் பெயர் வந்தது. காலையில் அவர் அழைத்தால், "ஏளா கிரேஸ், ஆபீஸ் சாவிய மறந்துட்டேன், நீ வந்து தெற" என்று சொல்வதற்காகத்தான் இருக்கும். எடுத்தேன். வேறு ஒரு பெண்ணின் குரல்.

"பக்கத்து வீட்டுலேந்து பேசுதேன். தண்ணி பிடிக்க வரலயேன்னு போய்ப் பாத்தோம். கம்ப்யூட்டர் டீச்சர் போய்ட்டாங்கம்மா. கடைசியா பேசுனது ஒங்க நம்பர்தான்."

தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது. அவருடைய ஒரே தம்பி சரக்குக் கப்பலில், எங்கோ நடுக்கடலில் இருந்தார். யாரோ கைப்பேசியை உயர்த்திப் பிடிக்க, விட்டுவிட்டு வந்த காணொளியில் அக்காவின் அடக்கத்தைப் பார்த்தார். தேவாலயச் சாமியார் தன் உரையில், பல பிள்ளைகளுக்குக் கணினி கற்றுக்கொடுத்த ஆசிரியை என்று அவரைக் குறிப்பிட்டார். ஜெசிந்தா அக்கா ஒருநாளும் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. தெருவில் யாரோ ஒருமுறை அப்படிச் சொல்ல, அவர் திருத்தாமல் விட்டுவிட்டார். "திருத்துனா, அப்ப என்ன வேலைன்னு கேப்பாங்க. அதுக்கு யாரு பதில் சொல்ல?" என்பார்.

அந்தப் பதிலை நான் சொல்லிப் பார்க்கிறேன். எங்களோடு இருந்து பிறகு சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்ட நண்பர்களுக்காகவும், அவருடைய தெருக்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

துறைமுகச் சாலையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். தொடங்கியபோது நாற்காலி போதாத அளவுக்கு ஆள் இருந்தது. ஒவ்வொருவராகக் கிளம்பிப்போய், கடைசியில் நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும் மிஞ்சினோம். தலைமை அலுவலகம் சென்னையில். திங்கட்கிழமைகளில் ஒரு அழைப்பு வரும். மற்ற நாட்களில் மின்விசிறிச் சத்தமும் துறைமுகத்துச் சங்கும்தான். பல நாட்கள் மத்தியானம்வரை நாங்கள் பேசிக்கொள்ளாமலே இருந்துவிடுவோம். நான் நாசரேத்துக்காரி, எனக்குப் பேசாமல் இருக்க வராது. அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ பேசு, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்பார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என் மகளின் தேர்வுத் தேதியை நான் மறந்தபோது அவர்தான் நினைவுபடுத்தினார்.

குளிர்பதனக் கிடங்குகளுக்கு நாங்கள் ஒரு சின்னக் கணினிப் பெட்டி செய்து கொடுத்தோம். உறைந்த இறால் இருக்கும் அறைகளின் வெப்பநிலையை அது இடைவிடாமல் பதிந்துவைக்கும். அந்தப் பதிவு இருந்தால்தான் வெளிநாட்டுக்காரர்கள் சரக்கை வாங்குவார்கள். ஒரு கிடங்கில் பதிவு அடிக்கடி விட்டுப்போனது. அங்கே வேலை பார்த்த செல்வராசு அண்ணாச்சி கைப்பேசிக்குச் சார்ஜ் போடுவதற்காகப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்குகிறார் என்று நிர்வாகம் முடிவு செய்து, அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவர் எங்கள் மாடிப்படி ஏறி வந்து நின்றார்.

"யம்மா, நான் அந்தப் பொட்டியத் தொட்டதே இல்ல. மாதா மேல சத்தியம்."

"சத்தியம்லாம் எதுக்கு அண்ணாச்சி? பொட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது. உக்காருங்க" என்றார் அக்கா.

பார்ப்பதற்கு ஒரு கருவி உண்டு. ட்ரேசிங் கருவி என்போம். கணினிக்குள் ஒரே நேரத்தில் எத்தனையோ ப்ராசஸ்கள், அதாவது தனித்தனி வேலைகள், ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கும். எது எப்போது எழுந்தது, என்ன செய்தது, எப்படிச் செத்தது என்று அந்தக் கருவி வரிசையாகக் காட்டும். எல்லாவற்றையும் பார்த்தால் தலைகால் புரியாது என்பதால், வேண்டிய எண்களை மட்டும் ஒரு ஃபில்டரில், அதாவது வடிகட்டியில், கொடுப்போம். சிக்கல் அந்த ஃபில்டரில் இருந்தது. நாம் நாலைந்து எண்கள் கொடுத்தாலும், இருக்கக்கூடிய எல்லா எண்களுக்கும் அது முன்கூட்டியே இடம் பிடித்துக்கொள்ளும். பெரிய கணினியில் அது உறைக்காது. எங்கள் சின்னப் பெட்டியிலோ நினைவகம் மிகக் குறைவு. கருவியை ஓடவிட்டதும் பெட்டி மூச்சுமுட்டி நின்றுபோகும். நோயைப் பார்க்கப் போனால் நோயாளி செத்துப்போகிற நிலை.

பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்று வைத்துவிடுங்கள், இதோடு விடுங்கள் என்று சென்னையிலிருந்து சொன்னார்கள். அக்கா அழைப்பிலேயே மறுத்தார். "பெரிய பெட்டி வெச்சா பிரச்சினை நின்னுரும் சார். ஆனா அவரு பொய் சொன்னாருங்கறது அப்படியே நிக்கும்." சரி, பாருங்கள் என்றார்கள்.

அதன்பிறகு பல வாரங்கள் அவர் அந்த ஃபில்டரைத் திரும்ப எழுதினார். எண்களின் நீண்ட வரிசையைச் சிறு துண்டுகளாகப் பிரித்தார். நாம் கேட்ட எண் எந்தத் துண்டில் விழுகிறதோ அதற்கு மட்டும் இடம். மற்ற துண்டுகளுக்கு, அங்கே ஒன்றுமில்லை என்ற குறிப்பு மட்டும். சொல்ல எளிது. ஒரு ப்ராசஸ் குட்டிபோட்டால், அதாவது புதிதாக இன்னொன்றைத் தொடங்கினால், குட்டியின் எண்ணும் ஃபில்டரில் சேரவேண்டும், செத்தால் நீங்கவேண்டும், அதே நொடியில் கணினியின் இன்னொரு பகுதி அதைப் படித்துக்கொண்டிருக்கும். எங்கேயாவது ஓரிடம் இடறும். எழுதியதை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். அந்த நாட்களில் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே வீட்டுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில், பெட்டியை முடக்காமல் கருவி ஓடியது. கிடங்கில் இரவல் வாங்கிய கம்பளிச் சட்டைகளோடு, ஐஸ் புகைக்கு நடுவே, நாங்கள் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பதிவு விட்டுப்போகும் தருணம் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. இணையம் அறுந்ததும், தகவல் அனுப்பும் நிரல் திரும்பத் திரும்பப் புதுக் குட்டிகளை ஏவியது. ஒன்றும் சாகாமல் குவிந்து, நினைவகம் தீர்ந்து, கடைசியில் கணினியே வெப்பநிலையைப் பதியும் வேலையைக் கொன்றுவிட்டது. எங்கள் நிறுவனத்தின் நிரல். எழுதியவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். "நம்ம தப்புதான். ஒடனே கிடங்குக்கு எழுதிக் கொடுத்துருவோம்" என்றார் அக்கா. அன்றே எழுதிக் கொடுத்தார். அந்த வாரமே செல்வராசு அண்ணாச்சியைக் கிடங்கு திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது.

அண்ணாச்சி ஒரு முழுப் பாறை மீனைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார். "ஒத்த ஆளு நான், இத என்ன செய்வேன்?" என்று அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். நான் அந்த வீட்டுக்குள் போய்ச் சாப்பிட்டது அந்த ஒரு முறைதான். கடல்காற்று வரும் சின்ன வீடு. அம்மா இறந்த பிறகு அங்கே வேறு யாரும் இருந்ததில்லை. குழம்பு கொதிக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது, வீட்டில் தட்டு ஒன்றுதான் இருந்தது. எனக்குத் தட்டில் போட்டுவிட்டு, அவர் சட்டி மூடியைத் திருப்பிவைத்து அதில் சாப்பிட்டார். "மத்ததெல்லாம் கோயில் அசனச் சாப்பாட்டுக்குக் குடுத்துட்டேன். சும்மா கெடந்துச்சு" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். வீடு திரும்பும் பேருந்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கருவி எங்களுடையதில்லை. உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று விட்டிருப்பது. தன் ஃபில்டரை அக்கா அவர்களுக்கு அனுப்பினார். முகம் தெரியாதவர்கள் குறை சொன்னார்கள், அக்கா திருத்தினார், மறுபடி குறை சொன்னார்கள். ஒருநாள் நாற்காலியிலிருந்து எழுந்து, "ஏளா, ஃபில்டரச் சேத்துட்டானுவ" என்றார். அலுவலகத்தில் கேட்க நான் ஒருத்தி. கீழே மருந்துக்கடைக்காரரிடம் சொல்லலாமா என்று படி வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். பிறகு நாங்கள் போய்ப் பொரித்த பரோட்டா சாப்பிட்டோம்.

அடக்கத்தன்று செல்வராசு அண்ணாச்சி என்னைத் தேடி வந்தார். "டீச்சரா இருந்தாங்களாம்மா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் அவங்க என்ன செஞ்சாங்கன்னு வெளங்கல. நான் தொடலன்னு சொன்னேன். உக்காருங்கன்னாங்க. அது மட்டும் தெரியும்" என்றார்.

போன வாரம் அலுவலகப் பொது முகவரிக்கு ஒரு கேள்வி வந்திருந்தது, 'அன்புள்ள ஜெசிந்தா' என்று தொடங்கி. எங்கோ குளிர்நாட்டில் இருக்கும் ஓர் இளைஞர் அவருடைய ஃபில்டரைப் படித்திருக்கிறார். ஒரு துண்டில் இருந்த எண்கள் எல்லாம் செத்துப்போனபின் அந்த நினைவக இடத்தை எல்லாம் உடனே கணினிக்குத் திருப்பிக் கொடுக்காமல், கொஞ்சத்தை ஏன் கையில் வைத்திருக்கிறீர்கள், இன்னும் சுருக்கலாமே என்று கேட்டிருந்தார். அதே கேள்வியை வைத்து நானும் அக்காவோடு ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன். அக்கா சொன்ன பதிலை அப்படியே எழுதினேன்: ஒரு ப்ராசஸ் பிறக்கிற நொடியில் நின்று இடம் கேட்டுக் காத்திருக்க முடியாது. வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் இடம் எப்போதும் தயாராக இருக்கவேண்டும். எழுதியவர் இப்போது இல்லை என்பதையும் கடைசியில் சேர்த்தேன்.

அவர் வருத்தம் தெரிவித்து, ஜெசிந்தா எப்படிப்பட்டவர் என்று கேட்டு எழுதினார். அக்காவைப் பற்றி அப்படி ஒருவர் என்னிடம் கேட்டது அதுவே முதல்முறை. பதில் எழுத உட்கார்ந்து, மின்விசிறிச் சத்தத்தில் வெகுநேரம் இருந்தேன். எதிரே அக்காவின் மேசையைப் பார்த்து, "என்னக்கா எழுத?" என்று வாய்விட்டுக் கேட்டும்விட்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, இடம் ஒதுக்கி வைப்பதைப் பற்றி நான் தோற்ற அந்த ஒரு மத்தியானத்துச் சண்டை. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.