முன்சீட்டு ஈரம்

அந்தக் கார் எங்கள் பூந்தோட்டத்து வாசலுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. ஓட்டிவந்தவர் அம்மாவின் தம்பி. கோயம்புத்தூரில் ஒரு மில் முதலாளிக்கு டிரைவராக இருந்தார். கல்யாணத்துக்காக ரயிலில் மதுரை போயிருந்த முதலாளி, காரைப் பின்னால் கொண்டுவரச் சொல்லியிருந்தார். வழியில் மாமா யாரிடமும் சொல்லாமல் தாடிக்கொம்புப் பக்கம், எங்கள் ஊருக்குத் திருப்பிவிட்டார். அவர் மனைவி, தாய்வீடு இல்லாத என் அத்தை, பிரசவத்துக்கு எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

“பாக்கத்தான் ரேஸ் வண்டி. நாலு பேரு போலாம், நாலு சக்கரமும் இழுக்கும்” என்று மாமா பெருமை பேசினார். கதவு இரண்டுதான். சீட்டுகள் பால் வெள்ளை. நான் எட்டிப் பார்த்தேன்.

“தொட்டிராத புள்ள. ஒரு கறை பட்டாலும் மாமாவுக்கு வேலை போயிரும்” என்றார் மாமா.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

காலையிலிருந்தே மழை. மாமா பாதிச் சாப்பாட்டில் இருக்கும்போது அத்தை அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முனகினார். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். அப்பா பூ விற்கத் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். மாமா அத்தையைப் பார்த்தார், காரைப் பார்த்தார்.

“என்னடா யோசிக்கிற? வண்டிய எடு” என்றார் அம்மா.

அத்தை முன்சீட்டில் சாய்ந்துகொண்டார். பின்னால் அம்மாவும், வீட்டில் தனியே விட முடியாத நானும். டிராக்டரே சிக்கிக்கொள்ளும் செம்மண் பாதையில் கார் நாலு காலால் ஊர்வதுபோல் ஊர்ந்தது. தரைப்பாலத்தில் தண்ணீர் அடிவயிற்றில் அறைந்தது. அப்போதுதான் அத்தை, “அண்ணி... தண்ணி” என்றார்.

எட்டிப் பார்த்தேன். முன்சீட்டு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. பாட்டில் எதையும் காணவில்லை. மாமா ஒருமுறை திரும்பிப் பார்த்தார், வண்டியை இன்னும் விரட்டினார். கோபம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அத்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். அம்மா பின்னாலேயே ஓடினார். “இங்கயே இரு, வாரேன்” என்று மாமாவும் போய்விட்டார்.

நான் முன்னால் தாவி, பாவாடையால் சீட்டைத் துடைத்தேன். பாவாடையில் இருந்த செம்மண் வெள்ளையெங்கும் அப்பிக்கொண்டது. துடைக்கத் துடைக்கப் பரவியது. மாமாவுக்கு வேலை போய்விட்டது, அதுவும் என் கையால். என்ன சொல்வது என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து வந்த மாமா, கதவைப் பிடித்தபடி விம்மி விம்மி அழுதார்.

“மாமா, நான்தான் தண்ணியக் கொட்டுனேன். முதலாளிட்ட அப்படியே சொல்லுங்க.”

அழுகையோடு சிரித்து, என்னைத் தூக்கி அணைத்துக்கொண்டார். அவருடைய வெள்ளைச் சட்டையும் செம்மண்ணானது.

முதலாளிக்கு அங்கிருந்தே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். அடுத்த மாதம் அந்தக் காருக்கு வேறு டிரைவர் வந்தார். மாமா இப்போது சொந்தமாக மினிலாரி ஓட்டுகிறார்.

பிறந்த குழந்தை வெகுநேரம் அழவே இல்லையாம். மாமா பிரசவ அறைக் கதவில் காதை வைத்து நின்றாராம். அது வீறிட்டு அழுத பிறகுதான் என்னிடம் வந்திருக்கிறார். இதையெல்லாம் அம்மா சொல்லித் தெரிந்துகொள்ளப் பல வருடமாயிற்று. அன்று நான், “சோப்புப் போட்டா போயிரும் மாமா, அழாதீங்க” என்று அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.