முத்துக்கைக்கு விடுப்பு

பதிவு அலுவலகத்தில் அவருக்கு முத்துக்கை என்று பெயர். பத்தொன்பது ஆண்டுகளாகப் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களைக் கையால் எழுதுகிறவர். எழுத்து அழகாக இருந்த குற்றத்துக்காக மற்ற மேசைகளின் வேலையும் அவரிடமே வந்து சேர்ந்தது. அவரும் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, சுளிக்கக்கூடத் தெம்பில்லை.

சென்ற மாதம் கை மக்கர் பண்ணியது. பேனாவைத் தொட்டதும் விரல்கள் சுருண்டு, மணிக்கட்டு விறைத்து, யாரோ ஒரு குழந்தையின் பெயர் பாதியில் நிற்கும். அதே கை டம்ளர் பிடித்தது, பொத்தான் போட்டது. எழுத மட்டும் மறுக்கும் நோயை எந்த அலுவலகம் நம்பும்? நடிப்பு என்றார்கள். வேலையே போய்விடும் என்று பயந்து மனைவி அவரை நரம்பு டாக்டரிடம் இழுத்துப்போனார்.

டாக்டரம்மா முன்கையில் இரண்டு மெல்லிய ஊசிகளைச் செருகி எழுதச் சொன்னார். ஊசிகளோடு இணைத்த திரையில் இரண்டு தசைகளின் கோடுகளும் ஒன்றாகத் துள்ளின.

"நடிப்பில்லம்மா. விரலை மடக்குற தசை இழுக்கும்போது, நிமித்துற தசையோட நரம்பு செல்லுக்கு 'நீ சும்மா இரு'ன்னு சேதி போகணும். ஒவ்வொரு செல்லுக்கும் பக்கத்து செல்லுங்ககிட்டேருந்து 'கிளம்பு'ன்னும் வரும், 'கிளம்பாதே'ன்னும் வரும். கூட்டிக் கழிச்சு ஒரு அளவைத் தாண்டினாத்தான் அது துடிக்கும். இவருக்கு 'கிளம்பாதே' பலமா வரல. ரெண்டு தசையும் மல்லுக்கட்டுது."

"வீட்லயும் 'வேண்டாம்'னு சொல்ல இவருக்கு வராது டாக்டரம்மா" என்றார் மனைவி.

மூன்று மாதம் பேனாவைத் தொடக்கூடாது என்று சீட்டு கிடைத்தது. ஆனால் விடுப்பு விண்ணப்பத்தை ஊழியர் தன் கைப்பட எழுத வேண்டும் என்பது விதி. மனைவி எழுதித் தந்ததைக் கண்காணிப்பாளர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தட்டச்சு செய்ததும் திரும்பி வந்தது.

வேறு வழியின்றி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பழகி, இடது கையால் எழுதினார். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். விதிப்படி எல்லாம் சரி. முகம் மலர்ந்தது.

"என்னங்க, இடது கையிலயே இவ்வளவு லட்சணமா வருது. அப்புறம் எதுக்கு லீவு?"

விண்ணப்பத்தை மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டு, நாற்பது சான்றிதழ்கள் கொண்ட கட்டை அவர் பக்கம் நகர்த்தினார். முத்துக்கை அதை எடுத்துக்கொண்டார். பிறகு, இடது கைக்கு வாகாகப் பேனாவைச் சட்டையின் வலப்பக்கப் பைக்கு மாற்றிக்கொண்டு, தன் மேசைக்கு நடந்தார்.