பெரியமேட்டில் அஞ்சலைக்குச் சோறு தேடியது

பீங்கான் கம்பெனியில் சூளைக்குப் பக்கத்துக் கொட்டகையில் உட்கார்ந்து முப்பது வருஷம் பொம்மைக்கு வர்ணம் தீட்டியவள் நான். நெருப்பைப் பார்த்துப் பயந்ததில்லை. மெட்ராஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் படியேறத்தான் பயந்தேன். இப்போது வெளியூருக்கு வேலையாகப் போகிற பெண்பிள்ளைகள் நல்ல ஹோட்டல் எது என்று போனில் பார்த்துக்கொண்டு தைரியமாக உள்ளே போகிறார்கள். சந்தோஷம். எழுபதுகளில் நாங்கள் அதைப் பயந்து பயந்துதான் தேடினோம்.

1. பச்சைத் திரை

பொங்கல் கழிந்த சமயம். மெட்ராஸ் கண்காட்சியில் எங்கள் கம்பெனிக்கு ஒரு ஸ்டால் கிடைத்தது. ஜனங்கள் பார்க்க அங்கேயே உட்கார்ந்து பொம்மைக்கு வர்ணம் தீட்டிக் காட்ட வேண்டும். அதற்கு என்னையும் அஞ்சலையையும் அனுப்பினார்கள். அஞ்சலை கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவள். என்னைவிடச் சின்னவள், வாய் திறந்து பேசவே யோசிப்பாள். "நல்லபடியா செஞ்சுட்டு வாங்க, ரெண்டு பேரையும் பெர்மனென்ட் பண்ணிடறேன்" என்றார் மேனேஜர். தினக்கூலிக்காரிக்கு அதைவிடப் பெரிய வார்த்தை கிடையாது.

துணைக்கு வந்தவர் ஸ்டோர் கீப்பர் ராமலிங்கம். சரக்குக் காவலுக்கு அவர் ஸ்டாலிலேயே படுத்துக்கொண்டார். எங்களைப் பெரியமேட்டில் ஒரு லாட்ஜில் விட்டுவிட்டு, "சாப்பாட்டுக்கு எறங்குனமா, சாப்ட்டமா, ஏறுனமான்னு இருக்கணும். ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு வேல போயிடும்" என்று சொல்லிப் போனார். லாட்ஜில் சாப்பாடு கிடையாது. கண்காட்சியோ சாயங்காலம்தான் திறக்கும். பகல் முழுக்க அந்தத் தெருவில் நாங்கள் இரண்டு பேரும் தனி.

முதல் நாள் காலை, லாட்ஜுக்கு எதிரே பெரியதாகத் தெரிந்த ஹோட்டலுக்குள் போனோம். உள்ளே ஒரே ஆண்கள். நாங்கள் நுழைந்ததும் எல்லாத் தலையும் திரும்பியது. சர்வர் வந்து, "கூட ஆம்பளைங்க யாரும் வரலியா?" என்று கேட்டார். "பின்னாடி வராரு" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன். ஃபேமிலி ரூம் என்று பலகை அடித்த ஒரு மூலையில் எங்களை உட்கார வைத்து, பச்சைத் திரையை இழுத்துவிட்டார். அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ஒன்றும் தெரியவில்லை. திரை அசையும்போதெல்லாம் அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நெய் தோசை வந்தது. வாசனை பட்டதும் அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டு கை கழுவும் இடத்துக்கு ஓடினாள். அவ்வளவு ஆண்களுக்கு நடுவில் அவள் குனிந்து வாந்தி எடுத்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ரூமுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "என்னாடி இது?"

"மூணு மாசம்க்கா."

"அடிப் பாவி. இத ஊர்லயே சொல்றதுக்கு என்னா?"

"சொன்னா அனுப்புவாங்களா? பெர்மனென்ட்டுக்கு வேற ஒருத்தி பேரு போயிடும். மொத ரெண்டும் தங்கலக்கா. இதுவும் போச்சுன்னா நான் வூட்டுக்கே போவ மாட்டேன். ராமலிங்கண்ணங்கிட்ட மட்டும் சொல்லிடாத."

மெட்ராஸில் என்னைத் தவிர இது யாருக்கும் தெரியாது. ஏதாவது ஆனால் நான் எங்கே ஓடுவேன், யாரைக் கேட்பேன்? அன்று மத்தியானம் இன்னொரு கடை, ராத்திரி வேறொரு கடை. எங்கே போனாலும் எண்ணெய் வாசனைக்கே குமட்டினாள். சோடா மட்டும்தான் உள்ளே போனது.

2. திரைக்குக் கீழே

மறுநாள் காலை லாட்ஜ் படியில் இறங்கும்போது அஞ்சலைக்குக் கண் இருட்டியது. கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளை மேலே ஏற்றிப் படுக்க வைத்தேன். "நான் தட்டி, பேரு சொன்னாதான் தெறக்கணும்" என்று உள்ளே தாழ் போடச் சொல்லிவிட்டு நான் மட்டும் இறங்கினேன். எங்கள் ஊர் ஜங்ஷனில் எந்த ரயில் எந்தப் பக்கம் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இங்கே எந்தத் திசையில் திரும்புவது என்று தெரியவில்லை. எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதரைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன்.

ஒரே நாளில் ஒரு வழி கற்றிருந்தேன். கடை வாசலில் நின்று, ஃபேமிலி ரூம் திரைக்குக் கீழே பார்ப்பேன். சேலைக் கரையும் மெட்டி போட்ட காலும் தெரிந்தால் பெண்கள் வந்து போகிற கடை. வெறும் தரை தெரிந்தால் போகக் கூடாது. இரண்டு கடையில் வெறும் தரைதான் தெரிந்தது. இரண்டாவது கடை வாசலில் நின்ற ஒரு வெள்ளைச் சட்டைக்காரன், "இன்னா, ஹோட்டல் தேடறியா? வா, நான் காட்டறேன்" என்றான். நான் பதில் சொல்லாமல் நடந்தேன். அவனும் நடந்தான். நான் நின்றால் அவனும் நின்றான். தெரு நிறைய ஜனம் இருந்தும் வாய் திறந்து கத்தத் தோன்றவில்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு சின்ன மெஸ்ஸின் கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, பேர் பாப்பம்மா. கனத்த உடம்பு, நெற்றி நிறையக் குங்குமம்.

"இன்னாம்மா, எட்டி எட்டிப் பாக்கற? சோறு துன்ன வந்தியா, வேவு பாக்க வந்தியா?" என்றார். அதற்குள் என் முதுகுக்குப் பின்னால் அவர் பார்வை போனது. "உனுக்கு இன்னாடா வோணும்?" என்றார். வெள்ளைச் சட்டைக்காரன் போன இடம் தெரியவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே அஞ்சலையின் நிலைமையை எல்லாம் சொன்னேன்.

"மசக்கக்காரிக்கு நெய் தோசையா வாங்கிக் குடுத்த? நல்லா கெட்ட போ. இட்டா அவள. வடிகஞ்சில உப்புப் போட்டுத் தரேன்."

3. தித்திப்பு

ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். பாப்பம்மா மெஸ்ஸில் திரையும் இல்லை, ரூமும் இல்லை. கல்லாவுக்குப் பக்கத்து பெஞ்சில் எங்களை உட்கார வைத்தார். டம்ளர் நிறையக் கஞ்சி, தொட்டுக்கொள்ள நாரத்தங்காய். அஞ்சலை முதல் வாய் குடிக்கும்போது நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது. இரண்டாவது வாய், மூன்றாவது வாய். டம்ளர் காலியானது. ஒன்றும் திரும்பி வரவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அஞ்சலை பாப்பம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். பாப்பம்மா குனிந்து உற்றுப் பார்த்தார். "பல்லு சந்துல இன்னாமே வெள்ளையா?"

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டு முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் உண்டாகியிருக்கிற பெண்கள் காய்ந்த களிமண்ணைக் கொறிப்பார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பாப்பம்மாகூட, "மண்ணா? நான் அடுப்புச் சாம்பலே துன்னுருக்கேன்" என்று சிரித்தார்.

"ஏதுடி மண்ணு இங்க?" என்று கேட்டேன்.

"ஸ்டால்ல ஒடஞ்சதெல்லாம் ஒரு கூடையில கெடந்துதுக்கா. நேத்துலேர்ந்து கொஞ்சங்கொஞ்சமா. ஆனா இது நம்ம மண்ணாட்டம் இல்ல. லேசா தித்திப்பா இருக்குது."

ஒரு பொம்மை எப்படி உருவாகிறது என்று காட்ட, வெறும் மண் பொம்மை, கிளேஸ் தடவின பொம்மை, சுட்ட பொம்மை என்று வரிசையாக வைக்கக் கொண்டுவந்திருந்தோம். வழியில் உடைந்ததெல்லாம் அந்தக் கூடையில் கிடந்தது. சுடாதவரைக்கும் மண்ணும் வெள்ளை, கிளேஸும் வெள்ளை. பளபளப்புக்காகத் தடவுகிற அந்தக் கிளேஸைப் பற்றி எங்கள் சூப்பர்வைசர் நான் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்: "கை கழுவாம சோறு துன்னக் கூடாது. இது வெஷம். தித்திப்பா இருக்கும், நம்பிடாதீங்க." பின்னால் சேர்ந்த அஞ்சலைக்கு யாரும் சொல்லவில்லை போல.

முந்தானை முடிச்சை நானே அவிழ்த்தேன். ஒரு பொம்மை யானையின் காதுத் துண்டு, ஓரமெல்லாம் கடித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். சுண்ணாம்பு அடித்த சுவர் பொரிவதுபோல ஒரு தோல் தனியாக உரிந்து வந்தது.

"அக்கா, என்னாக்கா? சொல்லுக்கா" என்று அஞ்சலை என் கையைப் பிடித்தாள். "இது மண்ணு இல்லடி, கிளேஸு. வெஷம்" என்றேன். பாப்பம்மா உடனே எழுந்தார். சாப்பாட்டு நேரம் ஆரம்பிக்கிற சமயம் அது. கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "ரிக்‌ஷா" என்று தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

4. ராமலிங்கத்திடம் போனது

பெண்கள் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். "அந்தப் பவுடர்ல என்ன கலந்திருக்கு? யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். தெரிந்தவர் ராமலிங்கம் ஒருத்தர்தான். கிளேஸ் மூட்டையை நிறுத்துக் கொடுக்கிறவர் அவர். அஞ்சலை கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்தாள். சொல்லாதே என்று அவள் வாய் சொல்லவில்லை, கண் சொல்லியது. அவளைப் பாப்பம்மாவிடம் விட்டுவிட்டு நான் ஸ்டாலுக்கு ஓடினேன்.

ராமலிங்கம் பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். கத்துவார், அடிக்கக்கூட வருவார் என்றுதான் நினைத்தேன். அவர் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"பொம்மைக்கு அடிக்கறது ஈயம் கலந்தது சரோஜா" என்றார். "எவ்ளோ துன்னுச்சு அந்தப் பொண்ணு?"

ஸ்டாலைப் பக்கத்து ஸ்டால்காரரிடம் ஒப்படைத்துவிட்டு என்னோடு வந்தார். டாக்டரம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னார். வயிற்றைச் சுத்தம் செய்து, பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அஞ்சலையை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். வராந்தாவில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே எனக்கு உயிர் போய் வந்தது. கடைசியில் டாக்டரம்மா வந்து, "குழந்தை இப்போதைக்கு நல்லா இருக்கு. கொஞ்சந்தான் உள்ள போயிருக்கு. ஊருக்குப் போயும் மண்ணைத் தொடக் கூடாது, உடம்புல ரத்தமே இல்ல" என்றார். இப்போதைக்கு என்ற அந்த வார்த்தையோடுதான் நாங்கள் ஊர் திரும்பினோம்.

ராமலிங்கம் மேனேஜரிடம் அஞ்சலைக்கு ஜுரம் என்று சொல்லிச் சமாளித்தார். ஆனால் வளர்கிற வயிற்றை எந்த ஜுரத்தால் மறைப்பது? எனக்குப் பெர்மனென்ட் ஆனது. அவளுக்கு ஆகவில்லை. பிள்ளை பெற்றுத் திரும்பி வந்து, இன்னும் சில வருஷம் தினக்கூலியாக இருந்துதான் வாங்கினாள்.

ஆடி மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அதன் அழுகுரல் கேட்கும்வரை நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதற்கப்புறமும் பயம் விடவில்லை. அது தவழும்போது பின்னால் போய்க் கைதட்டுவேன், திரும்புகிறதா என்று பார்க்க. பேச்சு வருகிறதா, நடை வருகிறதா என்று அஞ்சலையும் நானும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே காத்திருந்தோம். எல்லாம் வந்தது. இன்று அந்தப் பெண் திட்டக்குடியில் டீச்சர்.

நல்ல ஹோட்டல் எது என்று என்னைக் கேட்டால், கூட வந்தவளுக்கு முடியவில்லை என்று தைரியமாகச் சொல்ல முடிகிற கடைதான் நல்ல கடை என்பேன். அதைவிட எனக்கு வேண்டியது வேறு. மெட்ராஸிலிருந்து வந்த நாள் முதல் ரிட்டயர் ஆகும்வரை, எங்கள் செக்‌ஷனில் எந்தப் பெண்ணின் தாடை அசைந்தாலும் பக்கத்தில் போய், "வாயத் தெற" என்பேன். வெற்றிலைதான் போட்டிருக்கிறேன் என்று முறைத்தவர்கள் உண்டு. நீ என்ன போலீஸா என்று கையைத் தட்டிவிட்டவர்கள் உண்டு. கோபப்படட்டும். திறந்து காட்டிவிட்டுக் கோபப்படட்டும்.