ஒத்தப் பட்டன் நந்தகோபால்

“எழுதுனத எடுக்க மூணு பட்டன் எதுக்கு? ரெண்டப் பிடுங்கி எறியுதேன்.”

கோயில் வாசல்ல நின்னு நந்தகோபால் எரிஞ்சு விழுந்தான். கோயில் முதல் மரியாதைக்கு மல்லுக்கட்டுத ரெண்டு பேருல யோகராஜு, “விஜயராஜு அமுக்குதத எடு, என்னோடத விட்டுரு”ங்கான். விஜயராஜும் அதையேதான் திருப்பிச் சொல்லுதான்.

நந்தகோபால் எனக்குப் பக்கத்து வீடு. ஆட்டுக்கிடை போடுத குடும்பத்துல பொறந்து கம்ப்யூட்டர் படிச்சவன். பொண்டாட்டி தீபலட்சுமி சோறு வச்சா, தட்ட அந்தப் பொட்டி மேலயே வச்சுத் திம்பான். எல்லாரும் போனுல எழுதலாம், திருத்தலாம்னு ஊருக்கு ஒரு பக்கம் பண்ணிக் குடுத்தான். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மேளம் யாரு, முதல் பரிவட்டம் யாரு தலையில கட்டணும், எல்லாம் அதுல. அதுல இருக்கதுதான் ஊர் முடிவுன்னு கூட்டம் போட்டுப் பேசிட்டானுவ, கூறுகெட்ட பயலுவ.

போன கொடைக்குப் பரிவட்டம் எம் வீட்டுக்காரவிய ராமசுப்புக்கு. கொடை முடிஞ்சு கொஞ்ச நாள்ல செத்துட்டாவ. இந்த வருசம் யோகராஜு தன் பேரப் போட்டான். விஜயராஜு ஒரு பட்டன அமுக்குனான், கடைசியா எழுதுனது போயிட்டு, அங்க தன் பேரப் போட்டுக்கிட்டான். யோகராஜு வேற பட்டன அமுக்குனான், விஜயராஜு எழுதுனது பூராவும் போச்சு, மேளக்காரன் பேரும் சேத்து. மூணாவது பட்டன் பழைய பக்கத்தக் கொண்டாருமாம். ரெண்டு பேரும் மாறி மாறி அத அமுக்க, பக்கம் போன வருசத்துல போயி நின்னுட்டு.

காலையில பூசாரி போனப் பாத்துட்டு எங்க வாசல்ல வந்து, “பரிவட்டம் கட்ட அண்ணாச்சி குளிச்சிட்டாவளா?”ன்னாரு.

“செத்தவருக்கு எதுக்குவே குளியல்?”னேன்.

அதுக்குப் பொறவுதான் கோயில் வாசல்ல அந்தச் சண்ட. பரிவட்டம் கட்டாம கொடை ஆரம்பிக்காது. இவனுவ அடிச்சுக்கிட்டா அம்மனுக்கு இந்த வருசம் பட்டினிதான்.

நந்தகோபால் சொன்னபடி ரெண்டப் பிடுங்கிட்டான். மிச்சம் ஒண்ணு. அத அமுக்குனா எம்புட்டு எடுக்கணும், எதுக்கு எடுக்கணும்னு கேக்கும். சொல்லுத காரணம் அவனவன் பேரோட ஊருக்கே தெரியும். எம் வீட்டுக்காரவிய பேர எடுக்கணும்னா, “அவரு செத்துட்டாரு, எனக்குக் கட்டுங்க”ன்னு எழுதணும். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கையில எவன் எழுதுவான்? பேரு அப்படியே கெடந்துச்சு.

சரி, ராமசுப்பு படத்துக்கே கட்டுவோம்னுட்டாங்க. யோகராஜு ஒரு பக்கம், விஜயராஜு ஒரு பக்கம் படத்தப் பிடிச்சுக் கட்டிப் பாத்தா, துணி கண்ணாடியில வழுக்கி வழுக்கி விழுது. நந்தகோபால் கோவில்பட்டிக்கு பஸ் ஏறிப்போயி, ஜவுளிக்கடையில துண்டு சுத்தி வைப்பாங்களே, அந்தப் பொம்மைத் தல ஒண்ணு வாங்கியாந்தான். படத்துக்கு மேல அத வச்சுக் கட்டுனாங்க. கொடை நடந்துட்டு.

பொம்மையோட மூக்கு எம் வீட்டுக்காரவிய மூக்க விட நல்லாத்தான் இருந்துச்சு. வெல முன்னூத்தம்பது ரூவா.