ஜமக்காளத்தின் மடிப்பு

என் அம்மா எந்தக் கடைக்காரரையும் நம்பியதில்லை. எனக்குக் கல்யாணப் பேச்சைத் தொடங்கியதும் அவள் முதலில் வாங்க நினைத்தது ஒரு ஜமக்காளம். பெண் பார்க்க வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் அவர்கள் கண் போவது கீழே கிடக்கும் விரிப்பின் மேல்தான் என்பது அவளுடைய தீர்மானம். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் கரும்பு போட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் இருந்தது ஒரே ஒரு பச்சை ஜமக்காளம். அது அம்மாவின் கல்யாணத்துக்கு வந்தது.

கள்ளக்குறிச்சிக் கடையில் அவள் செய்த கூத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒவ்வொன்றையும் வாசல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். நெசவு நெருக்கமாக இருந்தால் வெளிச்சம் இந்தப் பக்கம் வராதாம். பிறகு முந்தானை நுனியை எச்சிலில் நனைத்துச் சிவப்புப் பட்டையில் தேய்த்துப் பார்த்தாள்.

"சாயம் போனா கொண்டாந்து என் மூஞ்சியிலயே போடுங்கம்மா" என்றார் கடைக்காரர்.

"போடத்தான் போறேன். கடை எத்தினி மணி வரைக்கும் தொறந்திருக்கும்?" என்று கேட்டாள் அம்மா.

கடைசியில் அவள் மனத்துக்குப் பிடித்தது நல்ல கனமான சிவப்பு ஒன்று. இரண்டு முனையிலும் நீலமும் வெள்ளையுமாகக் கரை. வீட்டுக்கு வந்த பிறகு அது தரையைத் தொடவே இல்லை. தகரப் பெட்டியில் காய்ந்த நொச்சி இலை போட்டு வைத்தாள். அவ்வப்போது எடுத்து, சாயம் வெளுக்காமல் இருக்க அடிப்பக்கம் மேலே வரும்படி கொடியில் காயப்போடுவாள். மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, எதிரும் புதிருமாக நடந்து வந்து முனைகளைச் சேர்ப்போம். பெட்டியைத் திறந்ததும் கரை தெரிய வேண்டும் என்பதால் மடிப்பு எப்போதும் ஒரே இடத்தில்தான் விழும். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் மடித்தார்கள். பச்சை ஜமக்காளத்தையும் அம்மா வருடக்கணக்காக அப்படியே மடித்து வந்தாள். ஒரே இடத்தில் மடித்தால் நூல் அங்கேதான் நைந்துபோகும் என்று, சாயத்தை அவ்வளவு சோதித்தவளுக்குத் தோன்றவில்லை. எங்களில் யாருக்கும்தான் தோன்றவில்லை.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்த வாரம் சாலையோரத்து மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் ஓடவில்லை. வெட்டியவர்கள் வேறு யாருமில்லை, எங்கள் ஊர்ப் பையன்கள்தான். "படிச்சிட்டுச் சும்மா கெடக்குதுங்க, நாலு பேருக்காவது வேல கெடைக்கட்டும்" என்று அம்மாவே அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். அதே வாரம்தான் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. சூட்டுவலி என்று வெந்தயத்தை விழுங்கிக்கொண்டு கிடந்தாள். ஒரு நாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. வயிறு பலகை மாதிரி இறுகிப்போயிருந்தது. பார்க்க வந்த நர்சம்மா, உடனே கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

மரங்களைத் தாண்டி வண்டி போகாது. கட்டிலோடு தூக்கினாலும் அடிமரத்தின் மேல் ஏற்றி இறக்க முடியாது. கல்வராயன் மலையிலிருந்து நோயாளிகளை மூங்கிலில் தூளி கட்டி இறக்குவதை அப்பா பார்த்திருக்கிறார். மூங்கிலுக்கு ஆளனுப்பிவிட்டுத் தகரப் பெட்டியைத் திறந்தார். அந்தச் சத்தத்தில் அம்மா கண் விழித்துவிட்டாள்.

"அத்த எடுக்காதீங்க. பாப்பா கல்யாணத்துக்கு வாங்கனது. பச்ச இருக்குதில்ல?"

அப்பா மூங்கிலில் பச்சையையே கட்டினார். "செவப்பையும் எடுத்துக்கினு பின்னால வா. அவ கண்ணுல படாம வா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு தூளிக்குப் பின்னால் நடந்தேன். கனமாக இருந்தது.

பெரிய புளியமரம் ஒன்று சாலையை அடைத்துக் கிடந்த இடத்தில், அதை வெட்டிய பையன்களே ஓடி வந்து மூங்கிலுக்குத் தோள் கொடுத்தார்கள். அடிமரத்துக்கு மேலே ஏற்றும்போது பச்சை ஜமக்காளம் நடு மடிப்பில் நூல் விட்டுக் கிழிந்துவிட்டது. நல்லவேளையாகக் கீழே நாலைந்து கைகள் இருந்தன. அம்மா விழவில்லை, ஆனால் வலியில் கத்திவிட்டாள். அப்பா என் தோளிலிருந்த சிவப்பை வாங்கித் தார் ரோட்டில் விரித்தார். அம்மா அதைப் பார்த்தாள்.

"ரோட்டுல விரிக்கிறீங்களே" என்றாள். கோபிக்கக்கூட அவளிடம் தெம்பில்லை.

தூளியைத் தூக்கியபோது, "ஓரம் தரையில படாம தூக்குங்கப்பா" என்றாள். ஒரு பையன் தொங்கிய ஓரத்தைக் கையில் சுருட்டிக்கொண்டான். "படாது பெரிம்மா. நான் புடிச்சிக்கினுதான் வர்றேன்" என்றான். கள்ளக்குறிச்சி எல்லை வரும்வரை அதைப் பிடித்தபடியே நடந்தான்.

அவள் பேசியது அவ்வளவுதான். ஆஸ்பத்திரி மேசையில் கிடத்தியபோதே உயிர் இல்லை. அந்த மரங்கள் மேல் எனக்குப் பல வருடம் ஆத்திரம் இருந்தது. ஓரத்தைப் பிடித்து வந்த பையன் முகம் நினைவுக்கு வந்தால் அந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாது. இப்போதும் தெரியவில்லை.

சாவு பட்ட விரிப்பு வீட்டுக்குள் வரக் கூடாது, சுடுகாட்டோடு விட்டுவிட வேண்டும் என்றார்கள் உறவுக்காரர்கள். "அவ ஆசையா வாங்கனது. வூட்டுலதான் இருக்கும். பிடிக்காதவங்க வர வேணாம்" என்றார் அப்பா. காரியம் முடிந்ததும் கோமுகி வாய்க்காலில் அவரே அதை அலசினார். ஈரத்தில் அவரால் ஒற்றை ஆளாகத் தூக்க முடியவில்லை. நான் போய் மறுமுனையைப் பிடித்தேன். சாயம் கொஞ்சமும் போகவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

காய்ந்த பிறகு இரண்டு பேரும் மடிக்க நின்றோம். "மடிப்ப மாத்திப் போடலாம்ப்பா. பச்ச மாதிரி இதுவும் நைஞ்சிடும்" என்றேன்.

"உங்கம்மா மடிச்சது. அப்படியே இருக்கட்டும்" என்றார்.

மறுவருடம் என் கல்யாணத்துக்குப் பந்தல்காரரிடம் வாடகைக்கு வாங்கிய ஜமக்காளத்தை விரித்தார்கள். யாரோ வெற்றிலைச் சாறு துப்பிய கறை அதில் இருந்தது. அம்மா இருந்திருந்தால் பந்தல்காரரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

அப்பாவும் போன பிறகு சிவப்பு ஜமக்காளம் என் வீட்டுக்கு வந்தது. யாரும் உட்கார நான் அதை விரித்ததில்லை. போன மாதம் வெயிலில் போட எடுத்தபோது நடு மடிப்பில் நூல் விட்டிருந்தது. விரலை வைத்தால் அந்தப் பக்கம் போகிறது.

"மாத்தி மடிம்மா, கிழிஞ்சிடப் போவுது" என்றாள் என் மகள்.

மறுமுனையை அவள் கையில் கொடுத்தேன். கரை வெளியே தெரியும்படி, அதே இடத்தில்தான் மடித்து வைத்தோம்.