சென்ட் போடாமல் போன திங்கட்கிழமை

கோலார் தங்கவயலுக்கு நான் வந்த முதல் ஜூன் மாதத்தில், ஒரு நாள் காலை வீட்டுக்காரம்மா பழைய புடவை ஒன்றை வாளித் தண்ணீரில் முக்கி, பிழியாமலே என் அறைச் சன்னலில் கட்டிவிட்டுப் போனார். காயப்போட வேறு இடமில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் அதை அவிழ்த்துப் பிழிந்து மொட்டைமாடிக் கொடியில் உலர்த்திவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கட்டில், தலையணை, மூடி வைத்திருந்த சாதத்துப் பாத்திரம், எல்லாவற்றின் மேலும் மாவைச் சலித்ததுபோல வெளிர் சாம்பல் நிறத் தூசி. "இன்னாம்மா பண்ணி வெச்சிக்கிற? காத்து மாசத்துல யாராவது துணிய அவுப்பாங்களா?" என்று வீட்டுக்காரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய பாறைத் தூளை ஊருக்கு நடுவே மலைமலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். சயனைடு மலை என்று பெயர். காற்று மாதங்களில் அந்த மலை கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வீடுவீடாக வருகிறது. ஈரப்புடவைதான் அதற்குக் காவல்.

திண்டுக்கல்லில் என் உறவுக்காரர்கள், "நீ என்ன வெளிநாட்டுக்கா போயிருக்க? ஒரு பொழுது ரயில் பயணம்தானே" என்பார்கள். அவர்களுக்காகவும், வேலைக்காக மாநில எல்லை தாண்டி வந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பஸ் பலகையில் கன்னடம், பஸ்ஸுக்குள் தமிழ், அந்தத் தமிழும் நம் தமிழ் இல்லை. என்னை ஒருவர் முதன்முதலில் "இன்னா?" என்று கேட்டபோது அதட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். அன்பாகவும் அப்படித்தான் கேட்பார்கள் என்பது தெரியச் சில வாரங்கள் ஆயின.

தொண்ணூற்றாறில் நான் வந்தேன். பெரிய கனரக இயந்திரத் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் ஒரு சிறிய கம்பெனியில், வரைபடம் போடும் வேலை. டிராயிங் ஆபீஸ் என்பது ஒரே அறை. ஆறு பேர். மூலையில் அம்மோனியாவில் பிரதி எடுக்கும் இயந்திரம். காற்று மாதங்களில் சன்னல்களை அடைத்துவிடுவார்கள். அடுத்த வருஷம் மே மாதம் வெற்றிச்செல்வி வந்து சேர்ந்தாள். வரைபடங்களுக்கு எண் போட்டு அடுக்கி, பிரதி எடுத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். இரண்டு பெண்களும் சேர்ந்திருக்கட்டும் என்று மேனேஜர் அவள் மேசையை என் பலகைக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். "வீடு எங்க?" என்று கேட்டேன். "ஸ்கெலட்டன்கா" என்றாள். எலும்புக்கூடு என்கிறாளே, கிண்டல் செய்கிறாளா என்று முறைத்தேன். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றுக்கு அதுதான் பெயர் என்பது பிறகு தெரிந்தது. எங்களுக்குள் முதல் பேச்சே கோணலாகத்தான் போனது.

என் சென்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அப்பா திண்டுக்கல்லில் தோல்ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், வேலை பார்த்தார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலைத் தூக்கிப் போடுகிற வேலை. வீட்டுக்கு வந்ததும் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பார். அப்புறமும் துண்டில், தலையணையில், எங்கள் பாவாடையில் அந்த வாடை இருக்கும். ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனாள். டீச்சர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. என்னைச் சன்னல் ஓரமாக உட்கார வைத்தார். அன்று அவர்கள் சொன்னது தோலின் வாடையை மட்டுமல்ல, எங்கள் சாதியையும்தான். பெயர் சொல்லாமல் சொல்ல அது வசதியான வழி. பாலிடெக்னிக் முடித்து முதல் சம்பளம் கைக்கு வந்ததும் நான் வாங்கியது ஒரு புட்டி சென்ட். அன்றிலிருந்து அதைப் போடாமல் வாசல் தாண்டியதில்லை. மற்றவர்களுக்கு அது அலங்காரமாக இருக்கலாம். எனக்கு அது உடுத்துகிற துணி மாதிரி.

எங்கள் மேனேஜர் ஸ்ரீகண்டய்யா கன்னடக்காரர். நல்ல மனிதர், தமிழ் அரைகுறை. தினமும் அறைக்குள் வந்ததும் மூக்கை உறிஞ்சி, "ஏனு வாசனெ!" என்பார். என் சென்ட்டைப் பாராட்டுகிறார் என்று ஒரு வருஷம் பூரித்துக்கொண்டிருந்தேன். ஜூலையில் ஒருநாள், எதிர்ப்பலகையில் இருக்கும் தேவராஜ் சிரித்தார். "இன்னா மேடம், சந்தோஷப்படறீங்க? கன்னடத்துல வாசனென்னா நம்ம வாசனை இல்ல. நாத்தத்துக்கும் அதான் சொல்லுவாங்க" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஸ்ரீகண்டய்யா அம்மோனியாவைத்தான் சொல்லியிருப்பார் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு அப்படிப் படவில்லை. மெல்லத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் வெற்றி, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு கண் அதைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. நான் வந்து உட்கார்ந்தால் அவள் கைக்குட்டை மேலே போகும். நான் குனிந்து ஏதாவது கேட்டால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிப் பதில் சொல்வாள். ஒரு மணிக்கொரு தரம் எழுந்து வெளியே போவாள். இரண்டு வாரம் பார்த்துவிட்டு நான் இன்னும் கூடுதலாகச் சென்ட் போட ஆரம்பித்தேன். கழுத்தில், மணிக்கட்டில், முந்தானையில், கைப்பையில்கூட. கைக்குட்டை இறங்கவேயில்லை. ஒருநாள் மதியம் அடக்க முடியாமல் கேட்டேன். "எதுக்கு எப்பப் பாத்தாலும் மூக்கை மூடுற?"

"ஜலதோஷம்கா."

"ஒரு மாசமாவா ஜலதோஷம்?"

அவள் கைக்குட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலில் எனக்கு ஆறாம் வகுப்பு பெஞ்சு தெரிந்தது. நேரே எழுந்து ஸ்ரீகண்டய்யாவின் அறைக்குப் போய், பக்கத்தில் இருக்கும் பெண் என்னை அவமானப்படுத்துகிறாள் என்று புகார் சொன்னேன். இன்று நினைத்தாலும் என் குரல் எனக்கே கேட்கிறது. அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

அவர் வெற்றியைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். சின்ன அறை, அடைத்த சன்னல், என் மேல் இரண்டு மடங்கு சென்ட். "ஏன்ம்மா மூக்கு மூடுது? இவங்களுக்குக் கஷ்டம் ஆகுதில்ல?" என்று கேட்டார். வெற்றி கைக்குட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "ஒண்ணுமில்ல சார், இனிமே மூட மாட்டேன்" என்றாள். அப்படியே நின்றாள். ஒரு நிமிஷம் இருக்கும். அவள் தோள்கள் மேலே ஏறின. கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சு உள்ளே போகும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். மேசை விளிம்பைப் பிடித்தாள், பிடி நழுவிக் கீழே உட்கார்ந்தாள். உதடு கருத்துப்போயிருந்தது. தேவராஜ் ஓடிவந்து தூக்கினார். நான் தாங்கப் போனபோது அவள் பேச முடியாமல் கையை மட்டும் நீட்டி, கிட்டே வராதே என்று தடுத்தாள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கம்பெனி வேனில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஆஸ்துமா. சின்ன வயதிலிருந்து இருக்கிறது, தூசியாலும் காரமான வாசனைகளாலும் கிளம்புகிறது என்று டாக்டர் சொன்னாராம். மறுநாள் ஸ்ரீகண்டய்யா, "அந்தப் பெண்ணை நிறுத்திடலாம். அம்மோனியா இருக்கிற இடம். நாளைக்கு உயிருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் ஏனு மாடலி, என்ன பண்றது?" என்று கைகளை விரித்தார். அவர் பயம் நியாயமானது. ஆனால் அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை உடைத்தது நான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கெலட்டனுக்குப் போனேன். வரிசை வீடுகள், தாழ்ந்த தகரக் கூரை. வெற்றி கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் வாசலிலேயே நின்று, "இன்னைக்கு சென்ட் போடல, உள்ள வரலாமா?" என்று கேட்டேன். "வாங்கக்கா" என்றாள். அவள் அப்பா, சுரங்கத்தில் இருபத்தைந்து வருஷம் பாறை துளைத்தவர், இருமிக்கொண்டே எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். "பேத்தமங்களா ஏரித் தண்ணிம்மா, குடிங்க" என்று கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"ஒடம்பு செரியில்லன்னா எவன்கா வேலைக்கு வெச்சிக்குவான்? நைனாவுக்கு மாரு போச்சி. மைனும் இன்னைக்கோ நாளைக்கோ மூடிடுவாங்கன்னு கீது. எனக்கும் மாரு செரியில்லன்னு தெரிஞ்சா அவ்ளோதான். ஆறு மாசம் தாண்டட்டும்னு பல்ல கடிச்சிக்கினு இருந்தேன்."

நான் கீழே பார்த்துக்கொண்டு சொன்னேன். "என் மேல நாத்தம் அடிக்குதுன்னுதான் நீ மூடுறேன்னு நெனச்சேன்."

"நாத்தமா? உங்க மேலயா?" அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. அடங்கியதும் சொன்னாள். "அந்த சென்ட் மேல எனக்கு ஆசக்கா. மூக்குக்குப் புடிக்குது, மாருக்கு ஒத்துக்கல. நான் இன்னா பண்ணட்டும்?"

தோல்ஷாப்பையும் பெஞ்சையும் பற்றித் தங்கவயலில் நான் முதன்முதலாக வாய்திறந்தது அன்றுதான். வெற்றி முழுவதும் கேட்டாள். அவள் ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் முகம் வாடிவிட்டது. "எங்க தாத்தா வேலூர் பக்கத்துலருந்து இங்க ஓடிவந்ததே அந்த மாதிரி ஒதுக்கனதாலதான்கா. நான் உங்களப் பாத்து மூக்க மூடுவேனா? வேல போறதகூட விடுங்க. நீங்க என்னை அப்டி நெனச்சீங்க பாருங்க, அதான் எனக்குக் கஷ்டமா கீது."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் ஸ்ரீகண்டய்யாவிடம் போனேன். பிரதி எடுக்கும் இயந்திரத்தைப் பின்பக்க ஷெட்டுக்கு மாற்றலாம், அவள் பிரதி வேலையையும் நானே செய்கிறேன், இனி சென்ட் போட மாட்டேன் என்றேன். "நீங்கதானேம்மா புகார் சொன்னது?" என்று அவர் குழம்பினார். "நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன் சார்" என்பதை மூன்று தடவை, மெதுவாக, கன்னடத்தில் தெரிந்த சொற்களையும் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. நான்கு நாள் யோசித்தார். வெள்ளிக்கிழமை, மூன்று மாதம் பார்க்கலாம் என்று சம்மதித்தார். அன்று தன் மேசையில் ஊதுபத்தி ஏற்றப் போனவர், ஒரு கணம் நின்று, அதை வாசலுக்கு எடுத்துப்போய்ச் செருகினார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை வெற்றி திரும்பி வந்தாள். நான் அன்று இரண்டு தடவை குளித்தேன், என் அப்பாவைப் போல. சென்ட் புட்டி அலமாரியில் இருந்தது. தொடவில்லை. வாசல் தாண்டியபோது பாதித் துணியோடு தெருவில் இறங்கியது போல இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் முகத்தைத் திருப்பியதும் நான் எழுந்து நிற்கப் போனேன். அவள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள், அவ்வளவுதான். தேவராஜ் வரைபடத்தோடு கிட்டே வந்தபோது நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டேன். என் வேர்வை எனக்கே தெரிந்தது. சுண்ணாம்பும் ஊறிய தோலும் என் தோளிலிருந்து கிளம்பி அறை முழுக்கப் பரவுவதாக மத்தியானம்வரை நம்பினேன். வெற்றியின் கைக்குட்டை மடித்தபடி மேசைமேல் இருந்தது. மூன்று மணி இருக்கும், அவள் எழுந்து என் பலகைமேல் குனிந்தாள். அவள் முகம் என் தோளுக்கு ஒரு சாண் தூரம். இப்போது மூச்சை அடக்கிக்கொண்டது நான்.

"இது மூணாக்கா, எட்டாக்கா?" என்று ஒரு எண்ணைக் காட்டிக் கேட்டாள்.

"எட்டு" என்றேன். அவள் எழுதிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். கைக்குட்டை மடித்தபடியே கிடந்தது.

எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காற்று மாதங்களில் அவள் லீவு போடத்தான் வேண்டியிருந்தது. அவளைப் பார்த்தாலே, சென்ட் இல்லை பார் என்று தங்கள் சட்டையை முகர்ந்து காட்டிக் கேலி செய்கிற ஆட்களும் இருந்தார்கள். என்னிடம் அவள் பழையபடி சட்டென்று சிரிக்க ஒரு வருஷம் ஆனது. மூன்று மாதம் ஆறு மாதமாகி, அதற்குப் பின் நிரந்தரக் கடிதம் வந்தது. இரண்டாயிரத்து ஒன்றில் சுரங்கம் மூடியபோது, பெங்களூரில் இருந்த அவள் அண்ணன் குடும்பத்தையே அங்கே அழைத்துக்கொண்டார். தூசியை விட்டு விலகினால் நல்லது என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

அவர்கள் கிளம்பிய நாளிலேயே நானும் பத்து நாள் லீவில் திண்டுக்கல்லுக்குப் புறப்பட்டேன். பங்காரப்பேட்டை ஜங்ஷனில் அவர்களுக்கு ஒரு பிளாட்பாரம், எனக்கு எதிர்ப் பிளாட்பாரம். "எப்பக்கா எங்க ஊருக்குத் திரும்புவீங்க?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து அந்த ஊரை விட்டு எங்கும் வாழாதவள், இனி அங்கே வாழப்போவதில்லை. வந்தேறியான நான்தான் திரும்பிப்போகிறவள். பத்து நாள் என்றேன். அவள் ரயில் முதலில் நகர்ந்தது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கை மறையும்வரை ஆட்டினாள்.

பிறகு என் ரயில் வந்தது. கிடைத்த சன்னலோர இருக்கையில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பிய பிறகுதான் கவனித்தேன், அது பின்பக்கம் பார்த்த இருக்கை. வண்டி என்னைத் திண்டுக்கல்லுக்கு இழுத்துக்கொண்டு போக, என் முகம் தங்கவயல் பக்கமாக இருந்தது. எதிரே இருந்த இருக்கை ஜோலார்பேட்டைவரை காலியாகவே வந்தது. நான் மாறி உட்காரவில்லை.