கழுவி வைத்த பேட்டரி

பேட்டரி கட்டும் தொழிலில், நன்றாக வேலை செய்கிற பேட்டரியை யாரும் கடைக்குக் கொண்டுவந்து காட்டமாட்டார்கள்.

வருவதெல்லாம் வீங்கினது, கருகினது, செத்தது. என் மேஜையைப் பார்த்தால், மரக்காணம் வட்டாரத்தில் நான் கட்டிய ஒன்றுகூட உருப்படவில்லை என்றுதான் உங்களுக்குத் தோன்றும். ரிப்பேர் கடை வைத்து, "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துது" என்பதைத் தினம் நாலு தடவை கேட்கும் என் இனத்து மக்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். லித்தியம் செல்களை அடுக்கி வெல்டு வைத்து பேட்டரி பேக் கட்டித் தருவது என் வேலை. முக்கால்வாசி எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு. மீதி ஹாம் ரேடியோக்காரர்களுக்கு. அதாவது பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, போனும் டவரும் இல்லாமல் ஆன்டெனா கட்டி ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்கிற பொழுதுபோக்குக்காரர்கள். ஸ்கூட்டர்காரர்கள் என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. இவர்கள் கெடுத்தார்கள்.

பேசினால் செத்துப் போகும் ரேடியோ

முதலில் வந்தவர் கிளியனூர் வாத்தியார். ரிட்டயர் ஆனவர். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா, பைக்கின் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய ரேடியோ. நான் கட்டிக் கொடுத்த பேட்டரியில் நாள் முழுக்கக் கேட்க முடிகிறது, மைக்கை அழுத்திப் பேச ஆரம்பித்த அடுத்த நொடி செட் அணைந்துவிடுகிறது என்றார்.

தப்பு என்னுடையதுதான். கேட்கும்போது அந்த செட் அரை ஆம்பியர்கூட எடுப்பதில்லை. பேசும்போது பத்து ஆம்பியர் இழுக்கிறது. நானோ சின்ன ஸ்பீக்கருக்குப் போடுகிற பாதுகாப்பு போர்டைப் போட்டிருந்தேன். அளவுக்கு மேல் இழுத்ததும் அது தன் கடமையைச் செய்து லைனை வெட்டிவிட்டது. இருபது ஆம்பியர் தாங்குகிற போர்டை மாற்றி, பிளஸ் ஒயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸும் போட்டுக் கொடுத்து, காரணத்தை விளக்கினேன். வாத்தியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க வீட்லயும் இதே கதைதாம்மா, கேட்டுக்கிட்டே இருந்தா ஒண்ணுமில்ல, வாயைத் தொறந்தாத்தான் கட் ஆயிடுது" என்றார்.

குண்டானில் வந்தது

அடுத்த ஆள் தனசேகர். உப்பளத் தொழிலாளி, முப்பத்தெட்டு வயது. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு புயலில் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளை உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாமல் இரண்டு நாள் தவித்தவர். எந்த போனும் வேலை செய்யவில்லையாம். அதற்கப்புறம்தான் ஹாம் ரேடியோவைப் பற்றிக் கேள்விப்பட்டு, தட்டுத் தடுமாறிப் படித்து, இரண்டாவது தடவையில் பாஸ் செய்தார். வீட்டிலேயே ஒரு செட் வைக்க வேண்டும், அடுத்த மழைக்குள் வைத்துவிட வேண்டும். அவருக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நான் பேட்டரி கட்டிக் கொடுத்தேன். உப்புக்காற்று டெர்மினலை அரித்துவிடும் என்பதால், "சுத்தமா வெச்சுக்கப்பா" என்று சொல்லியும் அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை நேரம் அவர் மனைவி அமுதா வந்தார். அதே அளத்தில் உப்பு சுமக்கிறவர். இடுப்பில் ஒரு அலுமினியக் குண்டான், அது நிறைய மணல், மணலுக்குள் கருகிப்போன என் பேட்டரி. சார்ஜ் போட்டிருந்தபோது கட்டிலுக்கு அடியில் புகைந்திருக்கிறது. பக்கத்தில் பாயில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அமுதா ஒரு கையால் குழந்தையை இழுத்துக்கொண்டு, மறு கையால் உப்பு வாரும் பலகையை எடுத்து, புகைந்த பேட்டரியை வாசலுக்கு வெளியே மணலில் தள்ளியிருக்கிறார். பாயில் ஒரு முழம் எரிந்துவிட்டது. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. குண்டானை மேஜைமேல் வைத்துவிட்டு, "அந்த ஆளு வூட்டுக்குள்ள இருக்கணும்னா இது வூட்டுக்குள்ள வரக்கூடாது, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுத்தம்

மறுநாள் தனசேகர் வந்தார், தலையைக் குனிந்துகொண்டு. அவர் எதிரிலேயே பேட்டரியைப் பிரித்தேன். உறைக்குள் தண்ணீர்த் தடம், போர்டு முழுக்கப் பச்சைக் களிம்பு. பாதுகாப்பு போர்டு எப்போதோ செத்திருந்தது, அதனால் அளவு மீறி சார்ஜ் ஏறியிருக்கிறது. மழையில் நனைந்ததா என்றேன், இல்லை. யாராவது தண்ணீர் கொட்டினார்களா என்றேன், இல்லை. பிறகு மெதுவாக விஷயம் வந்தது.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் வேலை முடிந்ததும் பலகை, மண்வெட்டி, கூடை, கடைசியாகக் கைகால் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அலசாத சாமானை உப்பு தின்றுவிடும். தனசேகர் அந்த வரிசையில் பேட்டரியையும் சேர்த்துவிட்டார். இரண்டு மாதமாகத் தினமும் வீட்டுக்குப் போனதும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அலசி, துண்டால் துடைத்து, காற்றில் காயவைத்து எடுத்திருக்கிறார். எதற்குக் கழுவினாய் என்று கேட்டதற்கு அவர், "நீங்கதானக்கா சுத்தமா வெச்சுக்கச் சொன்னீங்க" என்றார்.

செம்புக் கம்பி

யாரைத் திட்டுவது? சொன்னவள் நான். இந்தத் தடவை சீக்கிரம் தீப்பிடிக்காத இரும்பு பாஸ்பேட் செல்களை எடுத்து, தண்ணீர் புகாத பெட்டியில் வைத்து, மூடியில் வோல்ட் மீட்டரும் பக்கத்திலேயே பியூஸும் பொருத்தி, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். உலர்ந்த துணியால் மட்டும் துடைக்கவும். இதற்கென்று கொடுத்த சார்ஜரையே போடவும். நிழலில், கல்தரையில், ஆள் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடவும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புறங்கையால் தொட்டுப் பார்க்கவும். பியூஸ் போனால் ஏன் போனது என்று பார்க்காமல் மாற்றக்கூடாது. பெட்டி வீட்டுக்குள் வர அமுதா சம்மதிக்கவில்லை. அளத்தின் மோட்டார் ரூமுக்குத்தான் போயிற்று. தனசேகர் வேலை முடிந்த பிறகு அங்கேயே உட்கார்ந்து கிளியனூர் வாத்தியாரோடு பேசிவிட்டு, செட்டை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போவார். அவர் கேட்டது அது இல்லை என்று எனக்கும் தெரியும், அமுதாவுக்கும் தெரியும்.

ஆனால் அந்தத் தாளை மோட்டார் ரூம் சுவரில் ஒட்டியது அமுதாதான். ஒட்டியதோடு விடாமல் தினமும் படித்துமிருக்கிறார். ஒருநாள் மத்தியானம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தார், பின்னாலேயே மோட்டார் ஓட்டுகிற ஏழுமலை. மூடிக்கு அடியில் ஒயர் நசுங்கி பியூஸ் போயிருக்கிறது. ஏழுமலை பார்த்து, பாவம் தனசேகர் என்று, பியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியை முறுக்கிவிட்டார். அமுதா அதைக் கண்டு கழற்றிவிட்டார். கழற்றாமல் இருந்திருந்தால் நசுங்கின ஒயர் பழுத்து, மோட்டார் ரூமே போயிருக்கும். நான் ஒயரை மாற்றி, புது பியூஸ் போட்டுக் கொடுத்தேன். ஏழுமலைக்குத் தன்மேல் என்ன குற்றம் என்று கடைசிவரை விளங்கவில்லை. "மோட்டாருக்கு இருவது வருசமா இப்படித்தாம்மா கட்றேன், அது ஒரு வார்த்த சொன்னதில்ல" என்றார்.

டவர் இல்லாத போன்

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று, டவர் போயிற்று, எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். எல்லோரும் புயல் பாதுகாப்பு மையத்தில் இருந்தோம். தனசேகர் செட்டையும் பெட்டியையும் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் வைத்துக் கொண்டுவந்து, மாடியில் மூங்கில் நட்டு ஆன்டெனா கட்டினார். பெட்டியைப் பார்த்ததும் ஆளாளுக்கு போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அமுதா பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "டவரே இல்லாத போனுக்கு சார்ஜ் எதுக்கு, போங்க அந்தாண்ட" என்று ஒவ்வொருவராக விரட்டினார்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஏழுமலையை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளத்தில் மோட்டார் மூழ்கிவிடுமே என்று தூக்கி வைக்கப் போனவரை மோட்டார் ரூமில் பாம்பு கடித்துவிட்டது. காலை அசைக்காமல் படுக்க வைத்தோம். தனசேகர் மைக்கை எடுத்து வாத்தியாரைக் கூப்பிட்டார். வாத்தியார் அந்த இரண்டு நாளும் செட்டை அணைக்கவே இல்லை. "சொல்லுப்பா, தெளிவா கேக்குது" என்ற குரல் வந்ததும் எங்களில் பாதிப் பேர் அழுதுவிட்டோம். கிளியனூரில் போன் வேலை செய்தது. அவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அவர்கள் கேட்பதை இங்கே சொல்லி, இங்கே சொல்வதை அங்கே சொன்னார். பாலத்து ரோட்டில் தண்ணீர் போகிறது, திண்டிவனம் ரோட்டில் வரச் சொல்லுங்கள் என்று தனசேகர் மூன்று தடவை சொன்னார். அவர் ஒவ்வொரு தடவை மைக்கை அழுத்தும்போதும் மூடியில் இருந்த மீட்டர் இறங்கும், விட்டதும் ஏறும். நான் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி என்னுடையது. நடுவில் அணைந்தால் ஏழுமலையின் முகத்தில் எப்படி முழிப்பேன்? அமுதா தாளில் எழுதியிருந்தபடி புறங்கையால் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் சரியான ரோட்டில் வந்து, ஏழுமலையை ஏற்றிக்கொண்டு போனது. அது கண்ணுக்கு மறைந்த பிறகுதான் நான் தரையில் உட்கார்ந்தேன். அமுதா என் கையைப் பிடித்து பெட்டிமேல் வைத்து, "தொட்டுப் பாருங்கக்கா, சூடே இல்ல" என்றார்.

பியூஸ் கேட்டு வந்தவர்

இரண்டு வாரம் கழித்து ஏழுமலை கடைக்கு வந்தார், கால் இன்னும் லேசாக இழுத்தது. பிழைத்து வந்த மனிதருக்கு முதலில் டீ சொன்னேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அந்த மோட்டாருக்கும் சரியான பியூஸ் ஒண்ணு குடுங்கம்மா" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனசேகர் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். ரேடியோ வீட்டுக்குள் இருந்தது. வாசற்கதவுக்கு உள்பக்கம் ஒரு கடப்பாக்கல், கல்மேல் பெட்டி, பக்கத்தில் ஒரு பக்கெட் மணல், சுவரில் என் தாள். தாளின் அடியில் அமுதா தன் கையெழுத்தில் 'கழுவக் கூடாது' என்று சேர்த்திருந்தார். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. தனசேகர் அதன் பக்கத்தில் முக்காலி போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். ஒருவழியாகச் சம்மதித்துவிட்டீர்களே என்றேன். அமுதா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே, "சார்ஜ் ஏர்ற வரைக்கும் அவரும் அங்கியே ஒக்காந்துகினு இருக்கணும்க்கா, எழுந்து போனா ரெண்டுமே வெளியதான்" என்றார்.

பேட்டரி கட்டுவதை ஆறே மாதத்தில் கற்றுக்கொண்டேன். அதை வாங்கிப் போகிறவர் எந்த நல்லெண்ணத்தில் அதைக் கெடுப்பார் என்பதைத்தான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.